90 போல்ட்

விமானம் விழுந்த அன்றைக்குச் சாயங்காலமே டிவியில் தீர்ப்பு வந்துவிடுகிறது. கறுப்புப் பெட்டியை எடுக்கக்கூட நேரம் தருவதில்லை. அகமதாபாத் விபத்துக்குப் பிறகும் இந்தக் கூத்தைப் பார்த்தோம். "யார் தப்பு?" என்ற கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்ததும் எல்லாரும் தூங்கப் போய்விடுகிறோம்.

1990 ஜூன் 10. பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. சுமார் 17,300 அடியில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போக, அவர் உடம்பில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. கேபின் ஊழியர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். 87 பேரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட.

அந்தக் கண்ணாடி மாட்டி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. மொத்தம் 90 போல்ட். 84 போல்ட்டில் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மீதி 6 விட்டத்தில் சரி, நீளத்தில் 0.1 அங்குலம் குட்டை. மாட்டியவர் பராமரிப்புப் பிரிவின் ஷிஃப்ட் மேனேஜர். சீட்டைக் கிழிக்க இது போதும், இல்லையா?

பிரிட்டிஷ் புலனாய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. கழற்றிய பழைய போல்ட் 7டி என்ற ரகம், கொஞ்சம் குட்டை. உண்மையில் வர வேண்டியது 8டி. அதாவது முந்தைய கண்ணாடியும் தப்பான போல்ட்டில்தான் பல வருஷம் பறந்திருக்கிறது! ஸ்டோர்காரர் "8டிதான் போடுவாங்க" என்று சொல்லியும், கழற்றியது எதுவோ அதையே போடுவோம் என்று மேனேஜர் முடிவெடுத்தார். ஸ்டோரில் 7டி போதவில்லை. விடியற்காலையில், வெளிச்சம் சரியில்லாத இன்னொரு ரேக்கில், பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். வந்தது 8சி, மெல்லிசான ரகம். படிக்கும் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

சரி, முறுக்கும்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? இங்கேதான் விஷயம். 8டிக்கும் 8சிக்கும் மரை ஒரே இடைவெளி, அங்குலத்துக்கு 32. அதனால் மெல்லிசான போல்ட்டும் நட்டைக் கவ்வியது. இறுக்கும்போது மரை வழுக்கியதை, டார்க் ஸ்க்ரூடிரைவர் (குறித்த அளவு இறுகியதும் தானாக விட்டுவிடும் கருவி) 'டக்'கென்று விடுகிற உணர்வு என்றே கை எடுத்துக்கொண்டது. போல்ட் தலை வழக்கத்தைவிட ஆழமாக உட்கார்ந்ததும் கண்ணில் படவில்லை. ஏறி நிற்கும் ஸ்டாண்ட் சரியான இடத்தில் இல்லை, எட்டிப் பிடித்து வேலை செய்தவருக்குத் தன் கையே மறைத்தது.

இதற்கு மேல் வடிவமைப்பு. அந்த விமான ரகத்தில் கண்ணாடியை வெளியிலிருந்துதான் பொருத்த வேண்டும். கேபின் அழுத்தம் முழுவதையும் போல்ட் தாங்க வேண்டும். உள்ளிருந்து பொருத்தும் வகையாக இருந்தால் அதே அழுத்தம் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்கியிருக்கும். இப்படிப்பட்ட கண்ணாடிக்கு அன்றைக்கு இரண்டாவது ஆள் சோதனையும் கட்டாயமாக இல்லை, அழுத்தச் சோதனையும் கட்டாயமாக இல்லை. மாட்டியவரே கையெழுத்தும் போடலாம் என்று இருந்தது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு சொல்வது இதைத்தான்: விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அதன் வேலை இல்லை. "அப்போ குடிச்சுட்டு ஓட்டினாலும் விட்டுடலாமா?" என்று கேட்பார்கள். கூடாது. அதற்குப் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கும் ஹேங்கரில் (விமானத்தைப் பழுது பார்க்கும் கொட்டகையில்), "ஸ்டோர்காரர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை" என்று எவனும் வாய் திறக்க மாட்டான்.

அந்த ஷிஃப்ட் மேனேஜரின் பெயர் அறிக்கையில் இல்லை. முக்கியமான வேலைகளில் செய்தவரே சான்றளிக்கும் முறையை மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறவர் வேலை நேரத்தில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும், கேட்கச் சின்ன விஷயமாக இருந்தாலும், பரிந்துரையாகவே எழுதி வைத்தார்கள்.