நாலு மரவீடு என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை டெக்சாஸின் பழைய ஊரான சான் ஃபெலிப்பேயைப் பார்க்கப் போனபோது நடந்தது உடன் வந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் நிற்கும்போதே அண்ணன் ஒருவர், "நாலு மரவீடு எரிஞ்சதுக்கு இவ்வளவு பேச்சா? கடைசியில ஜெயிச்சாங்கல்ல!" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

டெக்சாஸ் மெக்சிகோவின் கீழ் இருந்தபோது ஸ்டீபன் ஆஸ்டின் என்பவர் அமெரிக்காவிலிருந்து அழைத்துவந்த குடியேறிகளுக்கு சான் ஃபெலிப்பேதான் தலைநகர். மெக்சிகோவை எதிர்த்த டெக்சாஸ் புரட்சிக்கான கூட்டங்கள் அங்கேதான் கூடின, பத்திரிகை அங்கேதான் அச்சானது. 1836 மார்ச் கடைசியில் அந்த ஊரைக் கொளுத்தியது மெக்சிகோ படை இல்லை. காவலுக்கு நின்ற டெக்சாஸ் படையின் மோஸ்லி பேக்கரின் ஆட்களே. தளபதி சாம் ஹூஸ்டனின் உத்தரவு என்றார் பேக்கர். நான் சொல்லவே இல்லை என்றார் ஹூஸ்டன். ஊரே சாம்பலானது, பொறுப்பேற்க ஒருத்தர் இல்லை.

"துரத்தி வந்த மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னா படைக்குச் சோறும் கூரையும் கிடைக்கக் கூடாதுன்னுதானே?" என்பீர்கள். சரி, போர்க்கணக்கு எனக்கும் புரிகிறது. ஏப்ரல் 21-இல் சான் ஜசிண்டோ சண்டையில் டெக்சாஸ்காரர்கள் 18 நிமிடத்தில் ஜெயித்தார்கள். ஜெயித்ததால் வீடு போனவளின் இழப்பு சின்னதாகிவிடுமா?

"அவங்களே அடிமை வைத்திருந்தவங்க" என்றும் வரும். உண்மைதான். மெக்சிகோ படைக்குப் பயந்து குடியேறிகள் ஊரை விட்டு ஓடியபோது, அந்த அடிமைகளும் அதே மழையில், அதே சேற்றில்தான் ஓடினார்கள். சிரிக்கும்போது அவர்களையாவது நினைத்தீர்களா?

2017-இல் ஹார்வி புயலில் பிராசோஸ் ஆறு ஏறியபோது எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். சான் ஃபெலிப்பேயும் அதே ஆற்றங்கரைதான். பாஸ்போர்ட், பிள்ளைகளின் மருந்து, இரண்டு பை. அம்மா தோசைமாவுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டாலும் தர மறுத்துவிட்டாள். ஆறு நாள் கழித்துத் திரும்பினோம். தண்ணீர் வாசலுக்கு வரவில்லை. பூட்டைத் திறந்ததும் நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

1836-இல் இதேபோல எரிக்கப்பட்ட இன்னொரு ஊரான கன்சாலஸின் பெண்களுக்குத் திறக்க ஒரு பூட்டும் மிஞ்சவில்லை. மெக்சிகோ படை முற்றுகையிட்ட அலாமோ கோட்டைக்கு உதவிக்குப் போன அவ்வூர் ஆட்கள் 32 பேரும் திரும்பவில்லை. மார்ச் 13 அன்று அலாமோவில் உயிர்தப்பிய சுசன்னா டிக்கின்சன் கைக்குழந்தையோடு வந்து செய்தி சொன்னாள். அன்று ராத்திரியே ஊரைக் கொளுத்தச் சொன்னார் ஹூஸ்டன். புருஷன் செத்தான் என்று கேட்டு அழுது முடிக்கும் முன்பே வீட்டை விட்டு இருட்டில் நடக்க வேண்டும். இதையா நாலு மரவீடு என்கிறீர்கள்?

அடுத்த மாதம் கன்சாலஸ் போகலாம் என்கிறீர்கள். வருகிறேன். பிள்ளைகள் முன்னால் மறுபடி அப்படிச் சொன்னால் அங்கேயே பேசுவேன், அண்ணன் கோபித்துக்கொண்டாலும் சரி.