பேயின் மேல் பழியைப் போடாத கதைகள்

அமானுஷ்யமும் குற்றமும் கலந்த கிராஃபிக் நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "பேய்தான் கொன்றது என்று சொல்வதற்கு எதற்கு இத்தனை பக்கம் துப்பறிய வேண்டும்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தடயம், சந்தேகம், விசாரணை என்று அழகாகக் கட்டிக்கொண்டு வந்து, கடைசி அத்தியாயத்தில் கொம்பு முளைத்த ஒன்றை நிறுத்திவிடும் கதைகள் நிறைய இருக்கின்றன. எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் அதற்காக இந்த வகையையே ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்ல கதைகளில் பிசாசு ஆசை காட்டுவதோடு சரி. கத்தியை எடுப்பது மனிதன்தான். 1988-ல் தொடங்கி 300 இதழ்கள் ஓடிய 'ஹெல்பிளேசர்' காமிக்ஸ் தொடரைப் பாருங்கள். அதன் நாயகன் கான்ஸ்டன்டைனுக்கு மந்திரம் தெரியும். அதற்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவனுடைய நண்பர்கள். 1991-ல் கார்த் என்னிஸ் எழுதிய பகுதியில் அவனுக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது. நரகத்தோடு மல்லுக்கட்டியவனைச் சாய்க்க வருவது சிகரெட்! அதிலிருந்து அவன் தப்பிக்கும் விதம் ஒரு கைதேர்ந்த மோசடிக்காரனுடையது. எப்படி என்று சொல்ல மாட்டேன், படித்துப் பாருங்கள். அமானுஷ்யம் இருந்தால் மூளைக்கு வேலையில்லை என்பவர்களுக்கு அந்தப் பகுதியே பதில்.

"ஒரே கருப்பு, யார் யாரென்றே தெரியவில்லை" என்பது ஓவியத்தைப் பற்றிய புகார். சில புத்தகங்களில் அது உண்மைதான். ஆனால் 'ஃபடால்' தொடரில் ஓவியர் ஷான் பிலிப்ஸ் முகங்களைப் பாதி நிழலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதாநாயகி ஜோசஃபினிடம் மயங்கும் ஆண்கள் எதையெல்லாம் பார்க்க மறுக்கிறார்கள் என்பதை அந்த நிழல் சொல்லிவிடுகிறது.

நான் முழுமனதோடு ஒப்புக்கொள்ளும் புகார் வேறு. கொலைகாரன் மனிதனே இல்லை என்று ஆனதும், பெண்களின் உடலை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற துணிச்சல் சில படைப்பாளிகளுக்கு வந்துவிடுகிறது. பெயர்கூட இல்லாத பெண் முதல் பக்கத்திலேயே பிணமாகக் கிடப்பாள். ஆலன் மூரும் எடி கேம்பலும் லண்டனில் 'ஜாக் தி ரிப்பர்' செய்த 1888 வைட்சேப்பல் கொலைகளை 'ஃப்ரம் ஹெல்' என்ற கிராஃபிக் நாவலாக ஆக்கியபோது கொலைகாரன் யார் என்பதைச் சீக்கிரமே காட்டிவிட்டார்கள். அதனால் அந்தப் பெண்களின் வறுமைக்கும் பயத்துக்கும் பக்கங்கள் கிடைத்தன. அதில் வரும் ரத்தம் வயிற்றைக் கலக்குகிறது, கலக்கத்தான் வேண்டும்.

அப்புறம் முடிவு. குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கவில்லை, மனசே கனத்துப்போச்சு என்று குறைப்படுகிறார்கள். பிசாசுதான் காரணம் என்றால் அதை விரட்டியதும் கதையை முடித்துவிடலாம். மனிதன் தன் விருப்பத்தோடு செய்ததை எந்த மந்திரத்தால் அழிப்பது? 1954-ல் அமெரிக்காவில் காமிக்ஸுக்கென்று வந்த நெறிமுறை ரத்தக்காட்டேரிகளையும் ஓநாய் மனிதர்களையும் தடை செய்தது. கூடவே, நன்மைதான் ஜெயிக்க வேண்டும், குற்றவாளி தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்றது. ரத்தக்காட்டேரிகளுக்கு 1971-ல்தான் மறுபடி கதவு திறந்தது. அத்தனை இழுபறிக்குப் பிறகு கிடைத்த சுதந்திரம் இது. அந்தப் பழைய விதியை இன்று வாசகர்களே திரும்பக் கேட்பதுதான் எனக்கு வருத்தம்.