நுகத்தடி எங்கே?

(ரோம், கி.மு. 458. அல்ஜிடஸ் மலைப் போரிலிருந்து வீடு திரும்பிய சிப்பாயும் அவன் மனைவியும்.)

மனைவி: என்ன, வெறுங்கையோடு வருகிறீர்கள்?

கணவன்: வெற்றியோடு வருகிறேன். எதிரிகளான ஈக்குவி இனத்தாரின் படை முழுவதையும், தோற்றதற்கு அடையாளமாக, நுகத்தடிக்குக் கீழே குனிந்து போகவைத்துவிட்டோம்!

மனைவி: அந்த நுகத்தடி எங்கே? நம்முடையது நீங்கள் போன மறுநாளே முறிந்துவிட்டது.

கணவன்: அது மாட்டுக்கானது இல்லையடி. இரண்டு ஈட்டிகளை நட்டு, குறுக்கே ஒன்றைக் கட்டி...

மனைவி: மூன்று ஈட்டிகள்! ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் சீவிப் பூட்டியிருப்பேனே.

கணவன்: சின்சின்னாட்டஸின் அருமை உனக்கு எங்கே தெரியும்! ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரை ஆபத்துக் காலச் சர்வாதிகாரி ஆக்கினார்கள். வியர்வையைத் துடைத்தார், டோகா மேலாடையைப் போர்த்தினார், புறப்பட்டுவிட்டார்.

மனைவி: குடிசைக்குள் ஓடி டோகாவை எடுத்துவந்தவள் அவர் மனைவி ரசிலியா. மீதி நிலத்தை யார் உழுதது என்று விசாரித்தீர்களா?

கணவன்: அது... கேட்கவில்லை.

மனைவி: கேட்கமாட்டீர்கள். எதிரி முகாமில் கிடைத்ததில் உங்கள் பங்கு எங்கே?

கணவன்: முற்றுகையில் மாட்டிக்கொண்ட எங்கள் தளபதி மினூசியஸின் படைக்குப் பங்கு இல்லை என்று சின்சின்னாட்டஸ் சொல்லிவிட்டார். எல்லாம் அவர் அழைத்துவந்தவர்களுக்குத்தான்.

மனைவி: நீங்கள் சும்மாவா இருந்தீர்கள்?

கணவன்: இருப்போமா? ஒரு ராத்தல் எடையில் அவருக்குப் பொற்கிரீடம் என்று தீர்மானம் போட்டுவிட்டோம்.

மனைவி: அவர் பங்கு தரவில்லை. நீங்கள் பங்கு போட்டுக் கிரீடம் தருகிறீர்கள்.

கணவன்: எளிமையான மனிதர். நிலமே நான்கு யூகெரா அளவுள்ள சின்னத் துண்டுதான்.

மனைவி: களை பறிக்கும்போது தலையில் வைத்துக்கொள்வாரா?

கணவன்: ஆறு மாதப் பதவியைப் பதினாறாம் நாளே துறந்தவரைப் போய்...

மனைவி: சண்டை எத்தனை நாள்?

கணவன்: ஒரே இரவு. ஆளுக்குப் பன்னிரண்டு கம்புகளோடு வந்து, இருட்டிலேயே எதிரியைச் சுற்றி வேலி கட்டிவிட்டார்கள்.

மனைவி: மீதி நாட்கள்?

கணவன்: அவர் மகன் கைசோவுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்ன வோல்சியஸின் வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. தண்டனை விழுந்து அவன் ஊரைவிட்டுப் போனதும், பதவியை உடனே...

மனைவி: ஓகோ.

கணவன்: என்ன ஓகோ?

மனைவி: ஒன்றுமில்லை. மாடுகள் இரண்டும் சும்மா நிற்கின்றன. நுகத்தடிக்கு ஒரு கட்டை வேண்டும். அதற்கும் படையில் வசூல் செய்வீர்களா?