கடல் அவர்கள் வீட்டுச் சொத்தா?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை, பிரான்சின் தென்கரையில், நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காப் ஃபெராவுக்குக் கூட்டிப்போனேன். கடலுக்குள் நீண்டு கிடக்கும் சின்னத் தீபகற்பம். உலகத்திலேயே வீட்டு விலை எகிறிக் கிடக்கும் இடங்களில் ஒன்று. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் ஒரு காலத்தில் இங்கே வளைத்து வளைத்து நிலம் வாங்கினார். சாலை வழியாக நடந்தால் பக்கத்தில் கடல் இருப்பதே தெரியாது. மதில், அதற்கு மேல் வேலி, அதற்கு மேல் கேமரா. நம்மைப் போன்றவர்களுக்கு மிச்சம் இருப்பது தண்ணீரை ஒட்டிப் போகும் ஒரு நடைபாதைதான்.

அந்தப் பாதை என் உயிர். வெயிலில் கண் கூசும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, பைன் மரப் பிசின் வாசனை, கீழே எட்டிப் பார்த்தால் பாறை இடுக்கில் கறுப்பாக ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலிகள்கூடத் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்றுதான் வந்தார். பாதையோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், அவ்வளவுதான். மேலே ஒரு வில்லாவின் இரும்புக் கதவு திறந்தது. செக்யூரிட்டி ஒருவர் இறங்கி வந்து, இது தனியார் இடம், கிளம்புங்கள் என்றார். பொதுப் பாதையில்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். பதில் இல்லை. எங்கள் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்தப் பார்வை புரிந்துவிட்டது. மூடியைக்கூடச் சரியாகத் திருகாமல் எழுந்து, "வாப்பா போயிடலாம், நமக்கெதுக்கு வம்பு" என்றார்.

எதற்கு வம்பா? அலை தொடும் கரை யாருக்கும் சொந்தமில்லை என்று இந்த நாட்டில் 1681-லேயே, பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் காலத்திலேயே எழுதி வைத்தாகிவிட்டது. அது போதாதென்று 1976 டிசம்பர் 31-ல் ஒரு சட்டம் வந்தது. கரையை ஒட்டிய தனியார் நிலத்திலும் 3 மீட்டர் அகலத்துக்கு, நடந்து போகிறவர்களுக்கு வழி விட வேண்டும். விலக்கு இல்லாமல் இல்லை. 1976-க்கு முன்பே கட்டிய வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் பொதுவாக அந்த வழி வராது. பழைய மாளிகைகள் நிறைந்த கரைகளில் பாதை திடீரென்று அறுந்து, சாலைக்கு ஏறி, மதிலை முறைத்தபடி நடக்க வேண்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சரி, சட்டம் கொடுத்த விலக்கு, இருந்துவிட்டுப் போகட்டும். சட்டம் நமக்கென்று ஒதுக்கிய அந்த மூன்று மீட்டரிலும் ஏன் வந்து விரட்டுகிறீர்கள்? ஏக்கர் கணக்கில் தோட்டம், நீச்சல்குளம் எல்லாம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வயதானவர் ஐந்து நிமிடம் கால் ஆற உட்காருவதில் என்ன குறைந்துவிடும்?

இது புதிதும் இல்லை. 2015 கோடையில், இங்கிருந்து மேற்கே வலோரி என்ற ஊரில், சவூதி மன்னர் சல்மான் விடுமுறைக்கு வந்தார் என்று வில்லாவுக்குக் கீழே இருந்த பொதுக் கடற்கரையையே மூடினார்கள். லிஃப்ட் வைக்க மணலில் சிமென்ட் கொட்டினார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அத்தனை பேர் கத்தினால்தான் காது கேட்கும் என்றால், பாறையில் உட்கார்ந்த ஒரு அம்மாவுக்காக யார் பேசுவார்கள்?

எனக்கு ஆத்திரம் அந்தக் காவலாளி மேல்கூட இல்லை. சம்பளத்துக்கு நிற்கிறவர், சொன்னதைச் செய்கிறார். இப்படி விரட்டச் சொல்லி வைத்திருப்பவர்கள் மேல்தான். என் மேலும் கொஞ்சம் இருக்கிறது. இத்தனை சட்டமும் தெரிந்திருந்தும் நானும் அம்மா பின்னாலேயே வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

முனையில் இருக்கும் கலங்கரை விளக்கத்தை அம்மா பார்க்கவே இல்லை. வியாழக்கிழமை ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் இன்னொரு தடவை போய் வரலாம் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்கிறார்.