மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் 24 வோல்ட்தான், ஆனால்…

தம்பி, கம்ப்யூட்டர் பவர் சப்ளைப் பெட்டியில மஞ்சள் வயரையும் (+12 வோல்ட்) நீல வயரையும் பிடிச்சால் 24 வோல்ட், 450 வாட் அம்ப் (பாட்டுக் கேக்கிற அம்ப்ளிபையர்) ஓடும் எண்டு எழுதியிருக்கிறது பிழை. பெட்டியின்ர ஸ்டிக்கரைப் பாருங்கோ: நீல வயர், அதாவது -12 வோல்ட், அனேகமா 0.3 தொடக்கம் 0.8 அம்பியர்தான். பாட்டில பேஸ் (bass) அடிச்ச உடன சப்ளை நிண்டுபோகும்.

மஞ்சள், கறுப்பு (0 வோல்ட், கிரவுண்ட்) மட்டும் எடுங்கோ. பிரிட்ஜ் அம்ப் (ஸ்பீக்கரின்ர ரெண்டு வயரையும் அம்பே ஓட்டுறது), 4 ஓம் ஸ்பீக்கர் எண்டால் கணக்குப்படி உச்சம் 18 வாட். கையில வாறது அதிலயும் குறைவு. கிளிநொச்சியில ஒரு வீட்டு விறாந்தைக்கு அது காணும், கோயில் திருவிழாவுக்குக் காணாது. பச்சை வயரைக் கறுப்போட சேர்த்தால்தான் சப்ளை ஓன் ஆகும். பழைய சப்ளையில சிவப்புக்கும் (+5 வோல்ட்) கறுப்புக்கும் இடையில 4.7 ஓம், 10 வாட் சீமெந்து ரெசிஸ்டர் போடுங்கோ. இல்லாட்டி 12 வோல்ட் இறங்கும். ரெசிஸ்டர் நல்லாச் சுடும், வயரில முட்ட விடாதேங்கோ.

பிரிட்ஜ் அம்பில ஸ்பீக்கர் வயர் ரெண்டில எதுவும் பெட்டித் தகரத்தில படக்கூடாது. தகரம் கறுப்பு வயரோட ஒண்டு. பட்டால் அம்பின்ர ஐசி (சிப்) போச்சு.