லால்பாக் சந்தை ஒரு மாதத்தோடு முடிய வேண்டுமா?

போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் நடக்கும் மாம்பழ மேளாவுக்குப் போனேன். முதலில் பாறை ஏறினோம். சுமார் 300 கோடி வருடத்துப் பாறை அது. அம்மாவுக்கு முட்டி வலி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். காற்று வாங்கிவிட்டு ஸ்டால் பக்கம் இறங்கினோம்.

கோலார் பக்கத்துச் சீனிவாசபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி அம்மா தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசினார். எங்கள் தமிழும் அவருக்குப் புரிந்தது. ரசபுரி மாம்பழம் கேட்டோம். ஒவ்வொரு பழத்தையும் எடுத்து, காம்புப் பக்கம் கட்டை விரலால் லேசாக அழுத்தி, மோந்து பார்த்து, இன்றைக்குச் சாப்பிடுவது ஒரு பக்கம், நாளைக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார். பாதாமி ரகம் மட்டும் இன்னும் காயாக இருந்தது. "வைக்கோல்ல போட்டு வையுங்க, புதன்கிழமை எடுங்க" என்று ஒரு பிடி வைக்கோலையும் பையில் திணித்தார். போன வருடம் ஒரு கடையில் மஞ்சள் மஞ்சளாகப் பளபளத்த பழத்தை வாங்கி, அறுத்தால் உள்ளே வெள்ளை, ஒரே புளிப்பு. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது. அதை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒருவர் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி விடாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தார். தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள். நடுவில் ஆள் இல்லாமல் விற்க அவர்களுக்கு இந்தச் சில வாரங்கள்தான் கிடைக்கின்றன.

எனக்கு இதில்தான் ஆதங்கம். லால்பாக் நடைப்பயிற்சிக்கு மட்டும் உண்டான இடம் இல்லை. 1760-இல் ஹைதர் அலி ஆரம்பித்த தோட்டம் இது. பிற்பாடு வெளிநாட்டுக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்து, ஊர் விவசாயிகளிடம் கொண்டு சேர்த்ததும் இதே தோட்டம்தான். நம் ஊர்ப் பக்கம் பெங்களூர் கத்திரிக்காய் என்கிறோமே, அந்தச் சௌசௌ இங்கே பரவியது லால்பாக் வழியாக. தோட்டக்கலைத் துறையின் மரிகௌடா முயற்சியில் 1959-இல் திராட்சை விவசாயிகளுக்காகத் தொடங்கிய கூட்டுறவுதான் இன்று காய்கறி, பழக் கடைகள் நடத்தும் ஹாப்காம்ஸ். அதன் தலைமை அலுவலகமும் லால்பாக்கில்தான். நானும் அங்கே வாங்குகிறவன்தான். ஆனால் விளைவித்தவரின் முகத்தை அங்கே பார்க்க முடியாது, "எப்போ சாப்பிடலாம்?" என்று அவரிடமே கேட்க முடியாது.

அதனால் வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை மட்டுமாவது, விவசாயிகளுக்கு அங்கே ஒரு மூலை வேண்டும். மாம்பழம் முடிந்தால் என்ன? குளிர்காலத்தில் அவரேக்காய், அதாவது நம் மொச்சை, வரும். தேவனஹள்ளி சக்கோதா (பம்ப்ளிமாஸ் பழம்), பெங்களூர் நீலத் திராட்சை இருக்கின்றன. இரண்டுக்கும் புவிசார் குறியீடே உண்டு, நம்மில் எத்தனை பேர் சக்கோதாவைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? குப்பை சேரும், மரங்களுக்குத் தொந்தரவு என்பார்கள். நியாயமான பயம்தான். சரி, தோட்டத்துக்குள் வேண்டாம், வாசலை ஒட்டி நடக்கட்டும். துணிப்பை கொண்டுவருபவர்களுக்கு மட்டும் விற்கட்டும்.

இன்று புதன். காலையில் அரிசி டப்பா பக்கம் போகும்போதே வாசனை. வைக்கோலை விலக்கிப் பார்த்தால் ஐந்து பாதாமியும் பழுத்திருந்தன. அம்மா ஒன்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மற்றதை அறுக்க உட்கார்ந்துவிட்டார்.