பிக்ஸ்பி பாலம் வரைக்கும் போக வேண்டாம், கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிடுங்கள்

இந்த வாரமும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கலிஃபோர்னியா கடலோர ஹைவே 1-இல் பிக் சர் பக்கம் ஒரே நாளில் போய்விட்டு வரலாமா, எங்கெங்கே நிறுத்தலாம், ஒரு லிஸ்ட் கொடுங்களேன் என்று. லிஸ்ட் தரமாட்டேன், கரையிலிருந்தே திமிங்கலம் பார்க்க ஒரே ஓர் இடம்தான் சொல்வேன். லிஸ்ட் தந்து தந்து அலுத்துவிட்டது. போய்விட்டு வந்து எல்லோரும் போடுவது ஒரே போட்டோதான்: பின்னால் பிக்ஸ்பி பாலம், முன்னால் குடும்பம், அதில் வண்டி ஓட்டியவர் முகம் மட்டும் கடுகடுவென்று.

நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். சன்னிவேலில் காலை ஆறு மணிக்கே புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கையில் பதினான்கு இடங்கள் எழுதிய தாள். கார்மல் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன, நான்காவது வளைவிலோ ஐந்தாவதிலோ சின்னவன் வாந்தி எடுத்தான், ஓரம் கட்ட இடமில்லாமல் இரண்டு மைல் அப்படியே ஓட்டினோம். பாலத்தில் நிறுத்தப் பத்து நிமிடம் சண்டை. மெக்வே அருவியை நான்கு நிமிடம் பார்த்தோம். மணலுக்கு இறங்கவும் விடமாட்டார்கள், மேலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வீடு வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை. அம்மாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கடல் நல்லாத்தான் இருந்துச்சு, கார்லேர்ந்து பாத்தேன்" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கார்மலிலிருந்து சான் சிமியன் வரை இந்தச் சாலை கிட்டத்தட்ட 90 மைல். 1919-இல் வேலையை ஆரம்பித்து 1937-இல்தான் திறந்தார்கள். சான் குவென்டின் சிறைக் கைதிகளைக் கொண்டுவந்து, தண்டனையைக் குறைக்கிறோம் என்று சொல்லி மலையை வெட்டவைத்தார்கள், உடைத்த பாறையையெல்லாம் அப்படியே கடலில் தள்ளினார்கள். அந்த மலை இன்னும் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. 2017 மே மாதம் மட் கிரீக்கில் சரிந்த மண் சாலையைப் புதைத்துக் கடலுக்குள் புதிதாக ஒரு நிலத்துண்டையே நீட்டிவிட்டது, மறுபடி திறக்க ஒரு வருடத்துக்கு மேலானது. 2021-இல் ராட் கிரீக்கில் சாலையே கடலுக்குள் போனது. இதெல்லாம் தெரியாமல் "ரோடு மூடிட்டாங்க, ட்ரிப்பே வேஸ்ட்" என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மூடுவது பெரும்பாலும் தெற்குப் பக்கம். நான் சொல்லும் இடத்துக்கு அவ்வளவு தூரமே போக வேண்டாம்.

கார்மலிலிருந்து ஏழு மைல், காரபாட்டா ஸ்டேட் பார்க். பெரிய நுழைவாயிலோ டிக்கெட் கவுண்டரோ கிடையாது. சாலை ஓரத்தில் மண் தரையில் பத்துப் பதினைந்து கார் நிற்பதை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காரபாட்டா என்றால் ஸ்பானிஷ் மொழியில் உண்ணி. மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே உண்ணிதான். பேரை வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை, முழுக்கால் பேன்ட் போட்டுக்கொண்டு போங்கள். மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் பாய்சன் ஓக் செடியையும் தொட்டுவிடாதீர்கள். சாலைக்குக் கிழக்கே இருப்பது சோபரானிஸ் பள்ளத்தாக்கு. 2016-இல் யாரோ அனுமதியில்லாமல் மூட்டிய கேம்ப் நெருப்பு 1,32,000 ஏக்கரைத் தின்றது அங்கிருந்துதான். அணைக்க மட்டும் 23 கோடி டாலர் செலவு. நாம் போகவேண்டியது மேற்கே, கடல் பக்கம். சோபரானிஸ் முனையைச் சுற்றி வரும் பாதை இரண்டு மைல் கூட இருக்காது. நடுவில் ஒரு சின்ன மேடு, அதன் பெயரே வேல் பீக். திமிங்கலம் பார்க்கத்தான் அந்தப் பெயர் என்று நினைக்கிறேன், ஏறிப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

போன ஏப்ரல் கடைசியில் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். முட்டி வலிக்காரி, இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மேலே பாயை விரித்தோம், தயிர்சாதம், பிளாஸ்கில் காபி. தாள் கிடையாது, பதினான்கு இடங்கள் கிடையாது. இருட்டும் வரை அங்கேதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல், மேயில் போங்கள் என்பேன். ஏனென்றால், சாம்பல் திமிங்கலங்கள் டிசம்பர், ஜனவரியில் அலாஸ்கா பக்கத்துக் குளிர்கடலிலிருந்து மெக்சிகோவின் பாஹா காயல்களுக்குத் தெற்கே போகும். அப்போது கொஞ்சம் தள்ளி, அவசர அவசரமாகப் போகும். பிப்ரவரியிலிருந்து திரும்பும். கடைசியில் வருவதுதான் தாயும் குட்டியும். குட்டி பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். தாய்க்கோ பல மாதமாகச் சாப்பாடே கிடையாது என்று சொல்லிவிடலாம், வடக்கே தின்று சேர்த்த கொழுப்பில்தான் ஓடுகிறது, அதிலேயே குட்டிக்குப் பாலும் கொடுக்கிறது. மான்டரே வளைகுடாவின் ஆழ்பள்ளத்தில் ஓர்காக்கள் என்ற கொலைகாரத் திமிங்கலங்கள் குட்டிக்காகக் காத்திருக்கும் என்பதால் தாய் ஆழத்துக்கே போகாமல் கரையை ஒட்டி, கெல்ப் என்ற கடற்பாசிக் காட்டை உரசிக்கொண்டு வரும். நீங்கள் மேட்டில் உட்கார்ந்திருந்தால் போதும், அவை உங்கள் காலடியில் போகும்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடல் நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்தபடி வயிற்றில் கல்லை வைத்துச் சிப்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. (தோலுக்காக வேட்டையாடி இந்தக் கரையில் ஒழிந்தே போயின என்று நினைத்திருந்த மிருகம். சாலை திறந்த மறுவருடம், 1938-இல், பிக்ஸ்பி ஓடை கடலில் சேரும் இடத்தில் ஒரு கூட்டமே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது பாலத்தில் முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பவர்கள் குனிந்து பார்த்தாலே தெரியும்.) சின்னவன் "போரடிக்குது" என்று ஆறு தடவை சொன்னான். பைனாகுலரை அவனிடம் கொடுத்துவிட்டேன். தேடும்போது அது வேண்டவே வேண்டாம், வெறுங்கண்ணால் மொத்தக் கடலையும் மேய வேண்டும், மூச்சு தெரிந்த பிறகுதான் பைனாகுலர்.

முதலில் பார்த்தது அம்மா. "ஏட்டி, அங்க என்ன புகையுது?"

புகைதான். பத்துப் பன்னிரண்டடி உயரத்துக்கு, நேர் எதிரே வந்தால் இதய வடிவத்தில் இரண்டாகப் பிரியும். இருபது விநாடி கழித்து மறுபடி, அதை ஒட்டி இன்னொன்று, பாதி உயரத்தில். குட்டி. காற்று விழுந்திருந்ததால் சத்தமும் கேட்டது. குக்கரில் வெயிட் போடும் முன் ஆவி புஸ்ஸென்று வருமே, அதை யாரோ தூரத்து அடுக்களையில் செய்வதுபோல. சாம்பல் திமிங்கலத்துக்கு முதுகுத் துடுப்பு கிடையாது, வால் பக்கம் வரிசையாக முண்டு முண்டாகத்தான் இருக்கும். தோலெல்லாம் கொட்டலசு என்ற சின்ன ஓட்டுயிர்கள் ஒட்டி வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி. மூன்று நான்கு மூச்சு விட்டுவிட்டு வாலைத் தூக்கி உள்ளே போனால் மூன்று முதல் ஐந்து நிமிடம் காணாது. அது போன இடத்தில் தண்ணீர் மட்டும் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று நிற்கும். அந்த வட்டங்களைத் தொடர்ந்தால் அடுத்து எங்கே எழும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சின்னவன் சொன்னான், இரண்டு தடவை சரியாகவே சொன்னான்.

அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவள் திருச்செந்தூர்ப் பக்கம். 2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியபோது பார்க்கப் போனவர்களில் அவளும் ஒருத்தி. மீனவர்கள் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துவிட்டதும், அவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்ததும் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. பிறந்ததிலிருந்து கடலோரம்தான், ஆனால் உயிரோடு, போக்கில் நீந்திப் போகும் ஒன்றை அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். "இது பாட்டுக்குப் போகுது பாரு" என்றாள், அவ்வளவுதான்.

போகும் வழியிலேயே பாயின்ட் லோபோஸில் வேலர்ஸ் கேபினை மட்டும் காட்டியிருந்தேன். 1850-களில் சீன மீனவர்கள் கட்டிய குடிசை, தரைக்கு முட்டுக்கொடுத்திருப்பது திமிங்கல முதுகெலும்புத் துண்டுகள். பிற்பாடு அசோர்ஸ் தீவிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள் அங்கிருந்து வேட்டையாடினார்கள். பக்கத்து மேட்டில் ஒருவன் உட்கார்ந்து இதே புகையைத்தான் தேடுவான், கண்டதும் கீழே படகு கிளம்பும். குட்டியைக் காப்பாற்றப் படகையே முட்டும் என்பதால் இவற்றுக்குப் பேய்மீன் என்றுகூடப் பெயர் வைத்தார்கள். குட்டியை வைத்து வேட்டையாடியவர்கள் வைத்த பெயர்!

இப்போதும் மேட்டில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள், வேறு காரணத்துக்காக. சோபரானிஸ் முனைக்குச் சற்றுத் தெற்கே கிரானைட் கேன்யன் என்ற இடத்தில் அமெரிக்கக் கடல் ஆய்வாளர்கள் குளிர்காலம் முழுக்கத் தெற்கே போகும் திமிங்கலங்களை எண்ணுவார்கள். பாலத்துக்குப் பறக்கும் அத்தனை காரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறது. 2016-இல் 27,000 என்று இருந்த மதிப்பீடு 2025-இல் 13,000-க்கு வந்துவிட்டது. வடக்கே பனி குறைந்து, கடலடியில் அவை தின்னும் சின்னச் சின்ன இறால்போன்ற உயிர்கள் முன்னைப்போல் கிடைப்பதில்லை என்பதுதான் பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். 1994-இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று கொண்டாடிய அதே திமிங்கலம்.

படகே வேண்டாமா என்று கேட்பீர்கள். கோடையில் கூன்முதுகு திமிங்கலமும் நீலத் திமிங்கலமும் வேண்டுமென்றால் மான்டரேயில் படகு ஏறத்தான் வேண்டும், அது தனி அனுபவம். எனக்கு நாலு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் கைப்பிடியோடுதான் போனது. நூறு பேர் ஒரே பக்கம் ஓடி வந்து போனைத் தூக்கும்போது நான் பார்த்தது பெரும்பாலும் போன்களைத்தான். வயசானவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள், என் கருத்து.

அன்று அம்மாவின் கணக்கு பதினொன்று. சின்னவன் பதிமூன்று என்கிறான், இரண்டு தடவை எண்ணிவிட்டான் என்று அம்மாவுக்குச் சந்தேகம். மறுநாள் ராத்திரி தோசைக்கல்லுக்கு எதிரே நின்றபடி திடீரென்று கேட்டாள், "அந்தத் தாயும் பிள்ளையும் இந்நேரம் எங்க போயிருக்கும்?" மணிக்கு மூன்று மைல் என்று வைத்து மேப்பைப் பார்த்தேன். ஹாஃப் மூன் பேக்குக் கொஞ்சம் தெற்கே வந்திருக்கும்மா என்றேன்.

"அப்ப நம்ம வீட்டைத் தாண்டல இன்னும்" என்றாள், தோசையைத் திருப்பிப் போட்டபடி.